மில் மூடிய ஊருக்குத் திரும்ப நினைக்கிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

கோவை, மதுரை, ராஜபாளையம் என்று நூற்பாலைகளை நம்பி வளர்ந்த ஊர்களை விட்டு வேலைக்காக வெளியேறியவர்களின் கேள்விகளே இந்த முறை அதிகம் வந்திருக்கின்றன. ஓசூரிலிருந்து எழுதினாலும் வளைகுடாவிலிருந்து எழுதினாலும், ஊருக்குத் திரும்ப வேண்டும், அதற்கு என்ன வழி என்றுதான் கேட்கிறார்கள். வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), நிலப் பத்திரம், கட்டட வேலை, சிறுதொழில் கடன் ஆகியவற்றை அன்றாடம் கையாள்பவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். திரும்புவதற்கான வேலைகளில் பாதிக்கு மேல், இப்போதைய வேலையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை. சாமான்களை லாரியில் ஏற்றிய பிறகு தொடங்கினால் கையிருப்பு கரைந்துவிடும். கீழே உள்ள பதில்களை அந்த அவசரத்தோடு படியுங்கள்.

கோவையில் ஒரு நூற்பாலையில் 1998 முதல் 2009 வரை 11 ஆண்டுகள் நூல் நூற்கும் ரிங் பிரேம் பிரிவில் இருந்தேன். மில் மூடிவிட்டார்கள். 2012 செப்டம்பரிலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் வேலை. பழைய பி.எஃப். பணத்தை எடுத்துவிட்டேன், பென்ஷன் பற்றி அப்போது யாரும் சொல்லவில்லை. இப்போது வயது 48. 50-ல் ஊர் திரும்பினால் பென்ஷன் வருமா? (வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

வரும். ஆனால் அந்தப் பழைய 11 ஆண்டுகளை இப்போதே மீட்டெடுக்க வேண்டும். பி.எஃப். பணம் வேறு, பென்ஷன் பணிக்காலம் வேறு. படிவம் 19 கொடுத்து நீங்கள் எடுத்தது சேமிப்பை மட்டும்தான். பென்ஷன் பங்கைத் திரும்பப் பெற 10சி என்று தனிப் படிவம் உண்டு. 10 ஆண்டு பணி முடித்தவருக்கு அந்தப் பங்கைப் பணமாகத் தரமாட்டார்கள். பணிக்காலத்தைக் குறித்து 'ஸ்கீம் சர்டிபிகேட்' என்ற சான்றுதான் தருவார்கள். உங்களுக்கு 11 ஆண்டு என்பதால், பணிக்காலம் கணக்கில் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம்.

அது எவ்வளவு பெறும் என்று பாருங்கள். பென்ஷன் கணக்கு: கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. பலர் தவறவிடும் ஒரு விதி இதில் இருக்கிறது. 2014 செப்டம்பர் 1-க்கு முந்தைய பணிக்காலத்துக்குச் சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய். அதற்குப் பிந்தையதற்கு 15,000. மொத்தப் பணிக்காலத்தையும் 15,000-ஆல் பெருக்கி மனக்கோட்டை கட்டக்கூடாது.

2025 ஆகஸ்ட் வரை எடுத்துக்கொண்டால், உங்களுக்குப் பழைய வரம்பில் 13 ஆண்டு (மில்லில் 11, ஸ்ரீபெரும்புதூரில் 2), புதிய வரம்பில் 11 ஆண்டு. பிடித்தம் முழு 15,000-க்கு நடந்திருந்தால், 6,500 × 13 = 84,500; 15,000 × 11 = 1,65,000. கூட்டி 70-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 3,564 ரூபாய். மில் பணிக்காலம் சேராவிட்டால் சுமார் 2,543 ரூபாய்தான். மாதம் ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம். அதோடு, 20 ஆண்டு பணி முடித்து 58-ல் ஓய்வு பெறுபவருக்கு 2 ஆண்டு கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். மில் காலம் இல்லாமல் அந்த 20 ஆண்டை எட்டவே உங்களுக்கு இன்னும் பல ஆண்டு பிடிக்கும்.

50 வயதிலிருந்தே பென்ஷன் கேட்கலாம். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டுவார்கள். 50-ல் எடுத்தால் கால்வாசிக்கும் மேல் போய்விடும். 58 ஆன பிறகும் அந்த வெட்டு திரும்ப வராது. ஊர் திரும்பிய பின் வேறு வருமானம் சிறிதாவது இருந்தால், 58 வரை பென்ஷனைத் தொடாதீர்கள் என்பதே எங்கள் யோசனை.

மூடிய மில்லின் பணிக்காலத்தை மீட்கும் வேலை பி.எஃப். எண்ணில் தொடங்குகிறது. பழைய சம்பளச் சீட்டிலோ, ஆண்டுக்கு ஒருமுறை வந்த பி.எஃப். சிலிப்பிலோ பாருங்கள். இல்லையென்றால் அதே மில்லில் உடன் வேலை பார்த்தவரின் சிலிப்பாவது வேண்டும். நிறுவன எண் எல்லோருக்கும் ஒன்றே என்பதால், அலுவலகத்தில் உங்கள் கணக்கைத் தேட அது உதவும். பிறகு, அந்த மில் எந்த மண்டல அலுவலகத்தின் கீழ் இருந்ததோ அங்கே ஸ்கீம் சர்டிபிகேட் கேட்டு 10சி கொடுங்கள்.

சிக்கல் பெரும்பாலும் பெயரில் வரும். மில் பதிவேட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும், அல்லது அப்பா பெயர் முழுதாக விரித்து எழுதப்பட்டிருக்கும். பிறந்த தேதியில் ஜூன் 1 என்று பள்ளியில் போட்டது ஒன்று, மில்லில் சேரும்போது சொன்னது வேறு. இதைத் திருத்தக் கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் நிறுவனத்தின் கையொப்பம் கேட்பார்கள். நிறுவனமே இல்லாதபோது கெஜட் பதிவு பெற்ற அதிகாரி, வங்கி மேலாளர் போன்றோரின் சான்றொப்பத்தை ஏற்கும் வழி இருக்கிறது. "மில் கையெழுத்து இல்லாமல் முடியாது" என்று கவுன்ட்டரில் சொன்னதோடு திரும்பிவிடாமல், மூடிய நிறுவனங்களுக்கான நடைமுறையைக் கேளுங்கள். மாதந்தோறும் 27-ம் தேதி மாவட்டம்தோறும் பி.எஃப். குறைதீர்ப்பு முகாம் நடக்கிறது. எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

பதிலியாக (நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவருக்குப் பதில் வேலை செய்பவராக) இருந்த காலத்தில் பிடித்தம் இல்லாத நாட்கள் இருந்திருந்தால் அவை கணக்கில் கழியும். 11 ஆண்டு என்பது 10-க்குக் கீழே இறங்கிவிட்டதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கினாலும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி இப்போதைய பணியோடு சேர்க்கலாம்.

என் அப்பா வேலை பார்த்த மில் கலைப்பு நடவடிக்கையில் இருப்பதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. அவர் காலமாகிவிட்டார். அவருடைய கிராஜுவிட்டி (பணிக்கொடை) பாக்கி கிடைக்குமா? (வாசகி, பெங்களூரு)

வாரிசாக நீங்கள் உரிமை கோரலாம். அறிவிப்பில் கடைசித் தேதி இருக்கும். அதற்குள் கலைப்பு அதிகாரிக்கு உரிமைக் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். திவால் சட்டப்படி தொழிலாளரின் பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகளில் உள்ள தொகை கலைப்புச் சொத்தில் சேராது. சம்பளப் பாக்கியில், கலைப்பு தொடங்குவதற்கு முந்தைய 24 மாதங்களுக்கு உரியது, அடமானம் பெற்ற வங்கிகளுக்குச் சமமான வரிசையில் நிற்கும். கிராஜுவிட்டிக் கணக்கு இதுதான்: கடைசி மாதச் சம்பளம் (அடிப்படையும் பஞ்சப்படியும்) × 15 ÷ 26 × பணி ஆண்டுகள். நியமன உத்தரவு இல்லையென்றால் இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புக், பி.எஃப். சிலிப் ஆகியவற்றை வைத்துப் பணிக்காலத்தை நிறுவலாம். சங்கம் மொத்தமாகக் கோரிக்கை கொடுத்திருந்தால், அந்தப் பட்டியலில் அப்பாவின் பெயரும் டோக்கன் எண்ணும் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

20 ஆண்டு ஃபிட்டர் அனுபவம் இருக்கிறது. மில்கள் மறுபடி திறந்தால் ஊரிலேயே வேலை கிடைக்கும் என்று காத்திருக்கிறேன். சரியா? இல்லை சொந்தமாக ஏதாவது தொடங்கலாமா? (வாசகர், ஓசூர்)

மில் திறப்பதை நம்பித் தேதி குறிக்காதீர்கள். தேசிய பஞ்சாலைக் கழகத்தின் 7 தமிழ்நாட்டு ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. அவற்றை நம்பியிருந்தவர்கள் எத்தனை போராட்டம் நடத்தினார்கள் என்பது ஊரறிந்தது. பழைய ரிங் பிரேம் ஒன்றில் 400 சொச்சம் ஸ்பிண்டில் (நூல் சுற்றும் கதிர்). இன்று வருவதில் ஆயிரத்துக்கு மேல். நிறைந்த கதிரைக் கழற்றும் டாஃபிங்கும் தானே நடக்கும், நூலைக் கோனில் சுற்றும் வைண்டிங்கும் தானியங்கி. பழைய மெஷினில் அதே நூலுக்கு ஆளும் மின்சாரமும் கூடுதலாகப் போகின்றன. நகருக்கு நடுவே இருக்கும் மில்லுக்கு, அதில் ஓடும் மெஷினைவிட அது நிற்கும் நிலத்துக்கு மதிப்பு அதிகம். இந்தக் கணக்கு ஒரு தொழிலாளியின் ஏக்கத்துக்காக மாறாது என்பதை எழுதும்போது எங்களுக்கும் வருத்தம்தான்.

ஆனால் உங்கள் கைத்தொழிலுக்கு ஊரைச் சுற்றி வேலை இருக்கிறது. நகருக்கு வெளியே ஓடும் புதிய மில்களில் பராமரிப்புக்கு அனுபவமுள்ள ஃபிட்டர்களை எடுக்கிறார்கள். சங்கு ஊதும் தூரத்தில் வேலை என்ற பழைய வாழ்க்கை இல்லை. ஷிஃப்ட் பஸ்ஸில் போய் வர வேண்டியிருக்கும். விட்டு வருவதற்கு முன் நேரில் போய்ச் சம்பளம், பி.எஃப். பிடித்தம், நேரடி நியமனமா கான்ட்ராக்டா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

சொந்தத் தொழில் என்றால், ஊருக்குள் இன்று பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். மில் ஓடிய காலத்தில் சம்பள நாளை நம்பி மளிகை, மெஸ், துணிக்கடை எல்லாம் நடந்தன. அந்தச் சம்பள நாள் இன்று இல்லை. வாடகை மலிவாக இருக்கிறதே என்று பழைய மில் கேட்டுக்கு எதிரே கடை எடுத்தவர்கள், மூன்றாம் மாதமே கடன் நோட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்கிறார்கள். மோட்டார் ரீவைண்டிங், பம்ப் பழுது, லேத் போன்றவை பரவாயில்லை. விவசாயக் கிணறு, அடுக்குமாடி, மருத்துவமனை, பள்ளி என்று வெவ்வேறு கைகளிலிருந்து அவற்றுக்குப் பணம் வரும்.

கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 15 லட்சம் வரை திட்ட மதிப்பும் 25 விழுக்காடு மானியமும் உண்டு. 8-ம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். ஐ.டி.ஐ., டிப்ளமா, பட்டம் உள்ள முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டத்துக்கு 'நீட்ஸ்' திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். இரண்டிலும் வயது வரம்பு உண்டு. உங்கள் பிரிவுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

இதில் இரண்டு இடங்களில் கால் இடறும். ஒப்புதல் வருவதற்கு முன்பே மெஷினை வாங்கிவிட்டால், வாங்கிய மெஷினுக்கு மானியம் கேட்க முடியாமல் போகும். மற்றது, மானியத்தைக் கையில் வரும் ரொக்கம் என்று நினைப்பது. அது கடன் கணக்கில் கழிக்கப்படும் தொகை. நடைமுறை மூலதனம் தனியாக வேண்டும். அதோடு 12 மாத வீட்டுச் செலவுக்கான பணம், தொழில் கணக்கோடு சேராத வங்கிக் கணக்கில் இருக்கட்டும்.

தாத்தா பெயரில் பட்டா உள்ள வீடு. தாத்தா, பாட்டி, அப்பா மூவரும் இல்லை. அப்பாவுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. நான்தான் ஊர் திரும்ப விரும்புகிறேன். "நீயே இருந்துக்கோ" என்று எல்லோரும் வாயால் சொல்கிறார்கள். மாடி எடுத்துக் கட்டலாமா? (வாசகர், துபாய்)

ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். வீடு தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. பாட்டியின் பங்கும் பிறகு அதே மூன்று கிளைகளுக்குப் போகும். ஆக, தாத்தா, பாட்டிக்குப் பிறகு அப்பா இறந்திருந்தால், உங்கள் சித்தப்பாவுக்கு மூன்றில் ஒன்று, அத்தைக்கு மூன்றில் ஒன்று, உங்கள் அப்பாவின் மூன்றில் ஒன்று உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும். 'கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதற்குப் பங்கு' என்று அத்தையை விட்டுவிட்டுப் போடும் பத்திரம், அவர் பிள்ளைகள் காலத்தில் வழக்காக வந்து நிற்கும்.

முதலில் மூவரின் இறப்புச் சான்றுகளைச் சேருங்கள். பாட்டியின் இறப்பு பதிவாகாமலே இருந்திருக்கலாம். ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் கோட்டாட்சியர் உத்தரவு பெற்றுப் பதிய வேண்டும். இதற்கே நாளாகும் என்பதால் இதைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும். அடுத்து தாத்தா, பாட்டி, அப்பா ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாரிசுச் சான்றிதழ், இ-சேவை மையம் வழியாக. பிறகு வில்லங்கச் சான்று. மில் வேலையில் இருந்தவர்கள் பலர் தொழிலாளர் கூட்டுறவு வீட்டுவசதி சங்கக் கடனில் வீடு கட்டியவர்கள். கடன் முடிந்தும் மூலப்பத்திரம் சங்கத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கும். சங்கத்தில் பாக்கியில்லாச் சான்றும், அடமானம் பதிவாகியிருந்தால் அதை ரத்து செய்யும் ரசீது ஆவணமும் வாங்கிப் பதிய வேண்டும்.

இதற்குப் பிறகுதான் குடும்பத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். சித்தப்பாவும் அத்தையும் பங்கை விட்டுத்தர உண்மையாகவே சம்மதித்தால் விடுதலைப் பத்திரம். பிரித்துக்கொள்வதென்றால் பாகப்பிரிவினைப் பத்திரம். எதுவானாலும் பதிவு செய்ய வேண்டும். 20 ரூபாய் பத்திரத்தாளில் எழுதி வைத்தது வழக்கில் உங்களைக் காப்பாற்றாது. ரத்த உறவுக்குள் எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. அத்தையிடமிருந்து அண்ணன் மகனுக்கு வருவது அந்தச் சலுகைக்குள் வருகிறதா என்று சார் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, பத்திரம் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். பணம் கொடுத்தால் வங்கி வழியாகக் கொடுத்து, அந்தத் தொகையைப் பத்திரத்திலும் எழுதுங்கள்.

துபாயிலிருந்தே ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பதென்றால் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெறுங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு மறுபடி எழுதியவர்கள் ஏராளம்.

பத்திரம் பதிந்த பிறகு பட்டா மாறுதல், சொத்து வரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம். இத்தனையும் முடிந்த பின் மாடி எடுங்கள்.

மில் லைன் வீட்டில்தான் பிறந்து வளர்ந்தேன். மில் மூடியும் அம்மா அங்கேயே இருக்கிறார். கரண்ட் பில் எங்கள் பெயரில். அந்த வீடு எங்களுக்கு வருமா? (வாசகி, திருப்பூர்)

மின் கட்டண ரசீதோ வரி ரசீதோ உரிமை தராது. லைன் வீடு நிறுவனச் சொத்து. வேலையோடு கிடைத்த குடியிருப்பு. சங்க ஒப்பந்தத்தில் வீட்டை விற்பனை செய்து தருவதாக எழுத்தில் ஏதாவது இருந்தால் மட்டுமே பேச முடியும். அந்த ஒப்பந்த நகலைச் சங்க அலுவலகத்தில் தேடுங்கள். அதுவரை அந்த வீட்டைப் பழுது பார்க்கப் பெருந்தொகை போடாதீர்கள். அம்மாவுக்கு வேறு இடம் பார்த்து வைப்பது நல்லது.

ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடு. குடியேறுவதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? (வாசகர், சென்னை)

பெயின்ட் அடிப்பதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அது கடைசி வேலை. கூரை, வயரிங், தண்ணீர், கழிவுத் தொட்டி, அதன் பிறகே சுவர்.

ஓட்டில் விரிசலைவிடக் கீழே உள்ள சட்டமும் ரீப்பரும் முக்கியம். ஸ்க்ரூ டிரைவரால் சுவரில் பதியும் முனையைக் குத்திப் பாருங்கள்; நடுவில் உறுதியாக இருக்கும் சட்டம், சுவருக்குள் போகும் அந்த அரை அடியில் மாவாக இருக்கும். ஈரமும் கரையானும் அங்கேதான் சேர்கின்றன. மேலே ஏறி நடப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

மெயின் சுவிட்சைப் போடாதீர்கள். எலி கடித்த வயர் மரச்சட்டத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கலாம். எலெக்ட்ரீஷியனை வைத்து மெகர் சோதனை (வயரின் காப்பு உறை கசிகிறதா என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டும் லைனை மாற்றிவிட வேண்டும். காய்ந்து கிடக்கும் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் பொருத்துங்கள்.

கிணற்றை ஒருமுறை இறைத்துவிட்டு ஊறவிடுங்கள். பிறகு நீரின் அளவைக் கணக்கிடுங்கள்: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் (மீட்டரில்) × 785 = லிட்டர். 3 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீரும் இருந்தால் சுமார் 21,200 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வீதம் 53 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் மேல் நீரை மட்டும் கிணற்றில் விட்டுக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்தே புழங்க வேண்டும். திறந்தே கிடந்த பவுடருக்கு வீரியம் இருக்காது; புது பாக்கெட் வாங்குங்கள். ஜெட் மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லையென்றால், ஃபுட் வால்வின் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும்; மோட்டாரைப் பிரிப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

கழிவுத் தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். பூட்டிக் கிடந்த தொட்டியில் தேங்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். ஆளை இறக்குவது சட்டப்படி குற்றமும்கூட. லாரி வைத்து உறிஞ்சி எடுங்கள்.

மகள் 5-ம் வகுப்பு, மகன் 9-ம் வகுப்பு, பெங்களூரில் படிக்கிறார்கள். எந்த ஆண்டு திரும்புவது நல்லது? (வாசகி, பெங்களூரு)

மகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் கல்வியாண்டு முடிந்ததும். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் 6-ம் வகுப்பிலிருந்தே கணக்கு. 7-ம் வகுப்பில் வந்து சேர்ந்தால் அந்த ஓராண்டுக் குறைவால் இரண்டும் போய்விடும். மகன் விஷயத்தில் 10-ம் வகுப்பை அங்கேயே முடித்துவிட்டு 11-ல் சேர்ப்பதே நல்லது. பாடத்திட்டமும் மொழிப்பாடமும் பொதுத்தேர்வு ஆண்டில் மாறக்கூடாது. ஆகவே மகளோடு ஒருவர் முன்னே வந்து, மற்றவர் ஓராண்டு கழித்து மகனோடு வருவதைப் பற்றி யோசியுங்கள். இரண்டு வீட்டு வாடகை சுமைதான். ஆனாலும் இந்த ஓராண்டுக்கு அது தகும். மகள் வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளா என்று இப்போதே பாருங்கள்.

நான் திரும்பத் துடிக்கிறேன். மனைவிக்கு விருப்பமில்லை. "நீங்க நினைக்கிற ஊர் இப்ப இல்லை" என்கிறார். (வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

அவர் சொல்வதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். வெளியூரில் இருப்பவர்கள் ஊரைப் பார்ப்பது பொங்கலிலும் தீபாவளியிலும் கோயில் நோன்பிலும்தான். அப்போது எல்லாப் பிள்ளைகளும் வந்திருப்பார்கள், தெரு நிறைந்திருக்கும். பெரிய பண்டிகை இல்லாத ஒரு மாதம் விடுப்பெடுத்து இருவரும் இருந்து பாருங்கள். சாயங்காலம் 4 மணி ஷிஃப்ட் விடும் நேரத்தில் அந்த ரோடு எப்படி இருக்கிறது, ராத்திரி 10 மணிக்கு உடம்புக்கு முடியவில்லையென்றால் எந்த ஆஸ்பத்திரி, கூடப் படித்தவர்களில் யார் இன்னும் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

மனைவியின் தயக்கத்தில் ஒரு நியாயமான கணக்கும் இருக்கலாம். வெளியூரில் அவருக்கென்று ஒரு வேலை, ஒரு வங்கிக் கணக்கு, யாரிடமும் கேட்காமல் வெளியே போய்வரும் பழக்கம் வந்திருக்கும். ஊருக்கு வந்தால் கூட்டுக்குடும்பத்தின் அடுப்படியில் அது முடிந்துவிடுமோ என்ற அச்சம் பல பெண்களுக்கு உண்டு. அதைக் கேளுங்கள். ஊரில் தனி வீடு, அவருக்கும் வருமானம் என்று இரண்டையும் முதலில் உறுதி செய்யுங்கள். நீங்கள் மட்டும் ஆசைப்பட்டு எல்லோரையும் கூட்டிப்போனால், ஓராண்டில் குடும்பம் இரண்டு ஊராகிவிடும்.

ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் எப்போது மாற்ற வேண்டும்? (வாசகர், மதுரை)

குடியேறிய பிறகு. ஆதாரில் முகவரியை முதலில் மாற்றுங்கள். மற்றவை அதைப் பின்பற்றி வரும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. புதிதாகச் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐக் கொடுத்துவிட்டால் இரண்டு இடத்தில் பெயர் வந்து, பிறகு நீக்கலில் சிக்கும். ரேஷன் கார்டில் முகவரி மாற்றத்தை இணையத்திலோ இ-சேவை மையத்திலோ பதியலாம். கார்டு மாறி வரும்வரை தமிழ்நாட்டுக்குள் இருக்கும் கடையில் பழைய கார்டிலேயே கைரேகை வைத்து அரிசி வாங்கிக்கொள்ளலாம். எரிவாயு இணைப்பை மட்டும் கிளம்புவதற்கு முன்பே பழைய ஏஜென்சியில் மாற்றல் போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.